பச்சைப் பிள்ளையும் பெரியம்மையும்: சென்னை மாகாணத்தில் தொற்றச்சமும் வீட்டு ஒழுங்கும்

ஆய்வுச் சுருக்கம்

தென்னிந்தியப் பெரியம்மை வரலாறு பெரும்பாலும் தடுப்பூசியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அரசு, மருத்துவர், சட்டம், மக்களின் எதிர்ப்பு ஆகியவை அவ்வரலாற்றின் மையமாக அமைந்தன. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை உள்ள வீட்டில் அம்மை புகுந்தபோது அவ்வீட்டார் எதிர்கொண்ட நெருக்கடி தனியே கவனிக்கப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தடுப்பூசிச் சட்டங்கள் பச்சைப் பிள்ளையைத் தம் காப்புக்குள் கொண்டுவரவில்லை என்பதையும், அந்த இடைவெளியை வீட்டு ஒழுங்கே நிரப்பியது என்பதையும், அவ்வொழுங்கு எங்கே காத்தது, எங்கே கைவிட்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: பெரியம்மை, பச்சைப் பிள்ளை, பேறுகாலத் தீட்டு, அம்மைப்பால், மாரியம்மன் வழிபாடு, கிண்டி கிங் நிலையம், தண்டையார்பேட்டை.

முன்னுரை

இந்தியாவில் பெரியம்மை கடைசியாகப் பதிவானது 1975 மே மாதத்தில். 1980 மே 8 அன்று உலகச் சுகாதாரப் பேரவை அந்நோய் உலகினின்றும் ஒழிந்ததென அறிவித்தது. இவ்விரு நாள்களுக்கும் முன்னர் உள்ள நெடிய வரலாற்றை எழுதியோர் பெரிதும் நம்பியவை சுகாதாரத் துறையின் ஆண்டறிக்கைகள். எத்தனை பேருக்கு அம்மை குத்தப்பட்டது, எத்தனை தழும்புகள் பழுத்தன, எத்தனை பேர் மறுத்தனர் என்பனவே அவ்வறிக்கைகளின் கேள்விகள். டேவிட் அர்னால்டு காலனிய மருத்துவம் பற்றி 1993-இல் வெளியிட்ட நூலும், தொடக்கக்காலத் தென்னிந்தியத் தடுப்பூசி எதிர்ப்பைப் பற்றி நீல்ஸ் பிரிம்னெஸ் எழுதிய ஆய்வும் அந்த எண்களுக்குப் பின்னால் இருந்த அரசியலை வெளிக்கொணர்ந்தன. ஆயினும் அவர்களது ஆய்வுகளிலும் மையமாக நிற்பது அரசுக்கும் மக்களுக்கும் இடையிலான உறவே ஆகும்.

வீட்டின் கேள்வி வேறு. மூத்த பிள்ளைக்கு முத்து கண்டிருக்கிறது. உள்ளறையில் பிறந்து பத்து நாள் ஆன சிசு கிடக்கிறது. இரண்டுக்கும் தாய் ஒருத்திதான். யார் யாரைத் தொடலாம், யார் வாசலைத் தாண்டலாம், நோயுற்ற பிள்ளையைப் பார்ப்பது யார், பால் கொடுப்பது யார் என்னும் முடிவுகள் அன்றே எடுக்கப்பட வேண்டியவை. இவை எந்த ஆண்டறிக்கையிலும் பதிவாகவில்லை. வழக்குச் சொற்கள், சடங்கு ஒழுங்குகள், சட்டங்களின் வயது வரம்புகள், பிற்கால மருத்துவ ஆய்வுகள் ஆகியவற்றை ஒருசேர வைத்துப் பார்க்கும்போதே இக்கேள்வியின் வடிவம் ஓரளவு புலப்படுகின்றது.

‘பச்சை’ என்னும் சொல்

பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்றும், பிறந்த குழவியைப் ‘பச்சைப் பிள்ளை’, ‘பச்சை மண்’ என்றும் கூறுவது தமிழ் வழக்கு. ஆறாத புண் பச்சைப்புண். சுடாத மண்பாண்டம் பச்சை மண். இவ்வழக்குகளில் ‘பச்சை’ என்பது நிறத்தைக் குறிக்கவில்லை. இன்னும் மூடாத, இறுகாத, வெளியிலிருந்து வருவது எளிதில் உட்புகக்கூடிய நிலையையே குறிக்கின்றது. ‘தொற்று’ என்னும் கருத்து நுண்ணுயிரியலோடு தமிழுக்கு வந்தது என்று கருதுவோர் இச்சொல்லைக் கவனிக்க வேண்டும். உட்புகுவது யாது என்பது பற்றிய விளக்கம் வேறாக இருந்தது. உட்புகும் என்னும் அறிவு இருந்தது.

குழந்தை மருத்துவத்தைக் கூறும் பாலவாகட மரபிலும் இது தெளிவு. சுரம், மாந்தம், கணம் போன்ற நோய்களோடு ‘தோஷம்’ என்னும் வகையும் அங்கு இடம்பெறுகின்றது. வெளியே சென்று வந்தவரின் தொடுகை, நிழல், பறவையின் எச்சம் முதலியன சிசுவைத் தாக்கும் என்னும் நம்பிக்கை அதனுள் அடங்கும். இதனை இன்றைய தொற்றுக் கோட்பாட்டின் முன்னோடி எனக் கொண்டாடுவது பொருந்தாது. தோஷத்தின் காரணப் பட்டியலில் நோயாளியைவிடத் தீட்டுக்குரியவர்களே மிகுதி. பெண்ணுடலின் மீதான ஐயமும் அதில் கலந்துள்ளது. ஆயினும் புறத்திலிருந்து வருவோரைச் சிசுவிடமிருந்து தள்ளி நிறுத்தும் பழக்கத்திற்கு அது ஒரு மொழியை வழங்கியது.

அம்மைக்குரிய சொற்களோ முற்றிலும் வேறு திசையில் அமைந்தவை. ‘நோய் தாக்கியது’ என்று யாரும் கூறவில்லை. ‘அம்மை வார்த்திருக்கிறது’, ‘ஆத்தா வந்திருக்கிறாள்’, ‘முத்துப் போட்டிருக்கிறது’ என்பனவே வழக்கு. கொப்புளம் முத்து, அது காய்வது இறங்குதல், நோய் நீங்கியபின் குளிப்பாட்டுவது தலைக்குத் தண்ணீர் வார்த்தல். நோயாளியின் அருகில் ஓதப்பட்ட மாரியம்மன் தாலாட்டு, அன்னையை இறங்குமாறு இரந்து கேட்கும் நூல். வந்தவள் தாய், ஆகவே அவளை விரட்ட இயலாது, குளிர்வித்து அனுப்பவே இயலும்.

பச்சைப் பிள்ளை உள்ள வீட்டில் இவ்விரு மொழிகளும் மோதின. சிசுவின் மொழி ‘அண்டவிடாதே’ என்றது. அம்மையின் மொழி ‘வந்தவளை வெறுக்காதே’ என்றது. இம்மோதலை வீட்டார் எவ்வாறு சமாளித்தனர் என்பதே அடுத்துக் காணத்தக்கது.

வீட்டு ஒழுங்கும் அதன் ஓட்டைகளும்

அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகப்படும். தாளிப்பு நிறுத்தப்படும். கணவன் மனைவி கூடல் விலக்கப்படும். துக்க வீட்டிலிருந்து வருவோர், தீட்டுடையோர், பேறுகால வீட்டார் ஆகியோர் நோயாளி இருக்குமிடத்திற்கு வரக்கூடாது. வீட்டார் பிறர் வீடுகளுக்குச் செல்வதையும் குறைத்துக்கொள்வர். நோயாளிக்கு இளநீர், கூழ், மோர் முதலிய குளிர்ச்சிப் பொருள்கள், படுக்கையில் வேப்பிலை. முத்துகள் காய்ந்து உதிர்ந்த பின்னரே தலைக்குத் தண்ணீர். தென்னிந்தியக் கிராம தெய்வங்கள் பற்றி 1916-இல் ஹென்றி வைட்ஹெட் வெளியிட்ட நூல் முதலாகப் பல பதிவுகள் இத்தகைய வழக்கங்களைக் கூறுகின்றன. இன்றும் சின்னம்மையின்போது இவற்றுட் பல கைக்கொள்ளப்படுவதால் இவை வாசகர் அறியாதவை அல்ல.

பேறுகால வீட்டின் ஒழுங்கு இதற்கு மறுதலை போன்றது. அங்கும் வாசலில் வேப்பிலை உண்டு. அங்கும் வெளியார்க்குத் தடை உண்டு. அங்கும் நாள் கணக்கு உண்டு. தீட்டுக் கழிக்கும் நாள் சாதிக்கும் ஊருக்கும் ஏற்ப மாறினாலும், தாயும் பிள்ளையும் ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கப்படுவது பொது.

பேறுகால வீட்டார் அம்மை வீட்டிற்குச் செல்லலாகாது என்னும் விதியின் காரணமாகக் கூறப்பட்டது தாயின் தீட்டு அம்மனுக்கு ஆகாது என்பதே. சிசுவுக்கு ஆபத்து என்பது அன்று. ஆனால் அவ்விதியின் பயன் இரு பக்கமும் வேலை செய்தது. அம்மனைத் தீட்டிலிருந்து காக்கும் விதி, சிசுவை அம்மனிடமிருந்தும் காத்தது. அம்மை அடுத்த வீட்டில் இருந்தவரை இரு மொழிகளுக்கும் சண்டை இல்லை.

அம்மை அதே வீட்டில் புகுந்தபோதுதான் ஒழுங்கு உடைந்தது. நோயாளியும் சிசுவும் ஒரே கூரையின்கீழ். ஓரறை வீடுகளில் விலகல் என்பதே இல்லை. வசதியுள்ள வீடுகளில் பாட்டியோ அத்தையோ நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தாயை உள்ளறையில் இருத்த இயன்றது. இங்கு ஒரு மருத்துவ உண்மை துணைநின்றது: ஒருமுறை பெரியம்மை கண்டு பிழைத்தவருக்கு அது மீண்டும் வருவது அரிது. அம்மைத் தழும்பேறிய முகமுடைய பாட்டி நோயாளியின் அருகில் அமர்ந்தது வயதின் காரணமாக மட்டும் நிகழ்ந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. தழும்பு ஒரு தகுதியாகவும் கருதப்பட்டிருக்கலாம்.

பெரியம்மையின் இயல்பையும் இங்குக் கருத வேண்டும. நச்சுயிரி உடலிற் புகுந்தபின் ஏறத்தாழ 12 நாள் வரை எவ்வித அறிகுறியும் இராது. அக்காலத்தில் நோயாளி பிறருக்குப் பரப்புவதும் இல்லை. பின்னர்க் கடும் காய்ச்சல் இரண்டு முதல் நான்கு நாள். அதன்பின் கொப்புளம். கொப்புளம் தோன்றிய முதல் வாரமே மிகுதியாகப் பரவும் காலம். ஆகவே முத்துக் கண்டவுடன் வேப்பிலை செருகி வாசலை அடைத்த வழக்கம், ஏனைய பல தொற்றுநோய்களைவிடப் பெரியம்மைக்கு நன்கு பொருந்தியது. பொருக்கு உதிரும்வரை தண்ணீர் வார்க்காமல் காத்திருந்ததும் அவ்வாறே. விதியை வகுத்தவர் இக்கணக்கை அறிந்திருந்தனர் என்று கூறச் சான்றில்லை. பல தலைமுறைகளாகக் கண்டதன் படிவு என்று மட்டும் கூறலாம்.

ஓட்டைகளும் இருந்தன. மருத்துவச்சி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டிற்குச் சென்றாள். பேறுகாலத் தீட்டுத் துணியை எடுத்துச் சென்றவர் சலவைத் தொழில் செய்த பெண். ஊரின் ஏனைய துணிகளும் அவர் கையிலேயே சேர்ந்தன. அம்மை கண்டவரின் துணியைத் தண்ணீர் வார்க்கும்வரை வெளுக்கப் போடாமல் வைத்திருக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. எல்லா ஊர்களிலும் இருந்தது எனக் கூற இயலாது. பெரியம்மை பெரும்பாலும் நேருக்கு நேர் மூச்சுத் துளிகளால் பரவியது என்றாலும், காய்ந்த பொருக்கிலும் துணியிலும் அந்நச்சுயிரி நெடுநாள் உயிர்ப்புடன் இருக்கவல்லது. வாசலில் நிறுத்தப்பட்டோர் உறவினரும் அயலாரும். உழைப்புக்காக உள்ளே வந்தவர்கள் இவ்விதியின் கண்ணில் ஆளாகவே படவில்லை. தீட்டு ஒழுங்கைச் சுகாதார ஒழுங்காக மட்டும் வாசிக்கும் அண்மைக்கால எழுத்துகள் இதனைக் கடந்து சென்றுவிடுகின்றன.

பருவகாலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரியம்மை வறண்ட மாதங்களில் ஏறி மழைக்காலத்தில் இறங்கும் நோய். மாரியம்மன் விழாக்கள் பலவும் அம்மாதங்களிலேயே வருகின்றன. சமயபுரத்தில் மாசி இறுதியில் பூச்சொரிதல் தொடங்கும், அன்னையே 28 நாள் பச்சைப் பட்டினி கிடப்பாள், சித்திரையில் தேர். ஊர்த் திருவிழாக்களில் காப்புக் கட்டிய பின் ஊரார் வெளியூரில் இராத் தங்குவதில்லை. இது நடமாட்டத்தைக் குறைத்தது. பெருங்கோயில் விழாவோ பல்லாயிரம் பேரை ஓரிடத்தில் கூட்டியது. ஒரே வழிபாடு ஊரளவில் மூடியது, மாவட்ட அளவில் திறந்தது.

1800 – 1802: அரசின் இரு கைகள்

பெரியம்மைச் சீழையே சிறிதளவு எடுத்து நலமாயிருப்பவர் தோலில் ஏற்றும் முறை வங்காளத்தில் பரவலாக இருந்தது. தமிழ்ப் பகுதியில் அத்துணைப் பரவல் இல்லை. இம்முறையில் ஏற்றப்பட்டவருக்குப் பெரும்பாலும் இலேசான அம்மையே காணும். ஆனால் அது உண்மையான பெரியம்மை. அவரிடமிருந்து பிறருக்கு முழு வீரியத்துடன் பரவும். மூத்த பிள்ளைக்குச் சீழேற்றிய வீட்டில் பச்சைப் பிள்ளை இருந்தால், காப்பே கேடாக மாறும்.

பிரிம்னெஸ் சுட்டிக்காட்டும் செய்தி இங்கு முக்கியமானது. 1800-ஆம் ஆண்டையொட்டிச் சென்னை அரசு சீழேற்றத்தை ஊக்குவித்தது. 1802-இல் பசுவம்மைப்பால் கிடைத்தவுடன் அதனைக் கைவிட்டுப் புதிய முறைக்கு மாறியது. இரண்டும் கையில் கீறி ஏற்றப்படுபவை. இரண்டையும் அரசின் ஆள்களே பரிந்துரைத்தனர். நேற்றுவரை நல்லது எனப்பட்டது இன்று தீயது, இன்று வந்தது நல்லது என்பதைப் பிள்ளை பெற்ற வீட்டார் எளிதில் நம்பியிருக்க இயலாது. தொடக்கக்கால மறுப்பை அறியாமை என்று எழுதிய அதிகாரிகள் இந்த மாற்றத்தைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை.

ஜென்னர் 1796-இல் சோதித்து 1798-இல் வெளியிட்ட பசுவம்மை முறை, பாக்தாது, பாஸ்ரா வழியாகப் பம்பாயை அடைந்தது. அங்கு 1802 ஜூன் 14 அன்று மூன்று வயதுச் சிறுமி அன்னா டஸ்தாலுக்கு அது வெற்றியாகக் குத்தப்பட்டது. இந்தியாவில் முதன்முதலில் பரவிய அம்மைப்பால் அக்குழந்தையின் கையிலிருந்து எடுக்கப்பட்டதே. அவ்வாண்டே அது சென்னைக்கும் வந்தது. மைசூரில் கத்தோலிக்கப் பாதிரியார் அபே துபுவா இப்பணியில் ஈடுபட்டார். தாமஸ் ஹிக்கி 1805-இல் வரைந்த மைசூர் அரசியர் ஓவியம் அம்மைகுத்தலை மக்களிடையே பரப்பும் நோக்குடன் அமைந்தது என்னும் கருத்தும் உண்டு. அரசியே தன் கையைக் காட்டி நிற்கும் ஓவியம் அது.

தமிழாய்வாளர் நன்கறிந்த எல்லிஸ் துரைக்கும் இதில் பங்குண்டு. திருக்குறளை மொழிபெயர்த்தவரும் சென்னை ஆட்சியராக இருந்தவருமான அவர், பசுவம்மை பற்றி ஒரு கதையை இந்தியப் புராண நடையில் புனைந்தார். தேவிக்கும் தன்வந்திரிக்கும் இடையே நிகழும் உரையாடலாக அமைந்த அதில், பசுவின் வழியாக வந்த இம்மருந்து அன்னையே அருளிய கொடை எனக் காட்டப்படுகின்றது. தாமஸ் டிரவுட்மன், டொமினிக் உஜஸ்திக் ஆகியோர் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். பொய்ப் பழமை என்னும் குற்றச்சாட்டு இதன்மீது உண்டு, அது நியாயமானதே. எனினும் எல்லிஸ் ஒன்றைச் சரியாகப் பிடித்தார். ‘வந்தவளை வெறுக்காதே’ என்னும் மொழியை மீறாமல் ‘அண்டவிடாதே’ என்பதைச் சொல்ல ஒரு வழி வேண்டும். தாயே தடுப்பையும் தந்தாள் என்பது அவ்வழி.

கையிலிருந்து கைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அம்மைப்பால் ஒரு குழந்தையின் கையிலிருந்து இன்னொரு குழந்தையின் கைக்கு மாற்றப்பட்டது. குத்திய எட்டாம் நாள் அளவில் கொப்புளத்தைக் கீறி எடுத்த நிணநீரே அடுத்தவருக்கு மருந்து. ஆகவே தடுப்பூசி என்பது குழந்தைகளின் சங்கிலி. சங்கிலி அறாமல் இருக்க ஒவ்வொரு வாரமும் புதிய குழந்தைகள் வேண்டும். எந்தச் சாதிக் குழந்தையின் கையிலிருந்து எடுத்தது என்னும் கேள்வி எழுந்தது. தன் பிள்ளையின் கொப்புளத்தைக் கீறிப் பிறருக்குக் கொடுப்பதால் பிள்ளையின் காப்புக் குறையும் என்னும் அச்சமும் எழுந்தது. வேறு நோய்கள் இவ்வழியே பரவக்கூடும் என்பது வெற்று அச்சம் அன்று. இங்கிலாந்திலேயே அக்காரணம் பற்றி 1898-இல் இம்முறை கைவிடப்பட்டது.

பச்சைப் பிள்ளை உள்ள வீட்டுக்கு மேலும் ஓர் இடர் இருந்தது. அம்மைகுத்துபவர் ஊர் ஊராகச் செல்பவர். அவரோடு கொப்புளம் பழுத்த ஒரு குழந்தையும் வரும். முன்னறியாத ஆளும், கையில் கொப்புளத்துடன் அயலூர்க் குழந்தையும் பேறுகால வீட்டு வாசலில் வந்து நின்றால், இரு ஒழுங்குகளும் ஒருசேர மீறப்படுகின்றன. அவ்வீட்டார் கதவை அடைத்ததைத் ‘தடுப்பூசி எதிர்ப்பு’ என்னும் ஒரே தலைப்பில் அடக்குவது சரியன்று. அவர்கள் எதிர்த்தது வருகையை. மருந்தை எதிர்த்தனரா என்பது வேறு கேள்வி.

கன்றுகளின் தோலில் அம்மைப்பாலை வளர்க்கும் முறை வந்தபின் இச்சிக்கல் குறைந்தது. வெப்பத்தில் கெடாத நிணநீரைச் செய்வதில் சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கிங் என்பாரின் பங்கு பெரிது. அவர் பெயரால் கிண்டியில் 1899-இல் தொடங்கிய நிலையம் மாகாணத்தின் அம்மைப்பால் களஞ்சியமாக விளங்கியது. குழந்தை இனி மருந்தின் ஊற்றாக இருக்க வேண்டியதில்லை.

சட்டம் எட்டாத மாதங்கள்

இங்கிலாந்தின் 1853-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்து மூன்று மாதத்திற்குள் அம்மைகுத்தலைக் கட்டாயமாக்கியது. இந்திய அரசின் 1880-ஆம் ஆண்டுத் தடுப்பூசிச் சட்டமோ ஆறு மாதம் நிறைந்த குழந்தையிலிருந்தே தொடங்கியது. ஆண் பிள்ளைக்கு 14 வயது வரையும் பெண் பிள்ளைக்கு 8 வயது வரையும் அது பொருந்தும். மேல்வரம்பில் உள்ள இவ்வேறுபாடு தனி ஆய்வுக்குரியது. சீழேற்றத்தை அச்சட்டம் தடைசெய்தது. வெளியிடத்தில் சீழேற்றிக்கொண்டவர் 40 நாள் கழியுமுன் சான்றின்றிச் சட்ட எல்லைக்குள் வரலாகாது என்றது. சென்னை மாகாணத்தில் 1884-ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டங்கள் வழியே கட்டாயம் நுழைந்தது. கிராமங்கள் நெடுங்காலம் அதற்கு வெளியே இருந்தன.

ஆறு மாதம் என்னும் கீழ்வரம்பு, சிசுவின் உடல் கீறலைத் தாங்காது என்னும் இரக்கத்தால் அமைந்ததாகத் தோன்றலாம். விளைவு, பிறந்தது முதல் ஆறு மாதம் வரை குழந்தை சட்டத்தின் கண்ணில் இல்லை என்பதே. பிள்ளைத்தமிழில் காப்புப் பருவம் மூன்றாம் மாதத்தில் தொடங்குவதாகப் பாட்டியல் மரபு கூறும். புலவரும் தெய்வங்களைக் காவலுக்கு அழைக்கக் குழந்தை மூன்று மாதம் பிழைத்திருக்க வேண்டியிருந்தது. இவ்விரண்டையும் ஒப்பிடுவது கருத்தளவில் மட்டுமே. எனினும் பிள்ளை நிலைக்குமா என்பது தெரியாத மாதங்கள் ஒரு பண்பாட்டில் எவ்வாறு மௌனமாக விடப்படுகின்றன என்பதை இவை காட்டுகின்றன.

அம்மாதங்களில் குழந்தைக்கு இருந்த ஒரே உடற்காப்பு தாயிடமிருந்து பெற்றது. முன்பு அம்மை கண்ட தாயின் எதிர்ப்பொருள் கருவிலேயே பிள்ளைக்குச் சென்று சில மாதம் ஓரளவு காக்கும், பின் தேய்ந்துவிடும். தாய்க்கே அம்மை வராதிருந்தால் அக்காப்பும் இல்லை. தேய்ந்த காப்புக்கும் தொடங்காத சட்டத்துக்கும் இடைப்பட்ட காலமே மிக ஆபத்தானது. வீட்டு ஒழுங்கோ பெரும்பாலும் அதற்குள் தளர்ந்துவிடும். தீட்டுக் கழிந்து, தொட்டிலிட்டு, உறவினர் பிள்ளையைக் கையில் வாங்கிக் கொஞ்சும் காலம் அது.

தண்டையார்பேட்டையின் கேள்வி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வீட்டின் கேள்வியே மருத்துவத்தின் கேள்வியாக மாறியது. அம்மாற்றம் நிகழ்ந்த இடங்களுள் ஒன்று சென்னைத் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனை. அங்கு மருத்துவர் ஏ. இராமச்சந்திர ராவும் அவருடன் பணியாற்றியோரும், நோயாளியை மட்டுமன்றி அவர் விட்டுவந்த வீட்டையும் ஆராய்ந்தனர். கருவுற்ற பெண்களுக்குப் பெரியம்மை மிகக் கொடிய குருதிக்கசிவு வடிவில் காணும் என்பதை அவர்கள் பதிவுசெய்தனர். 1968-இல் வெளியான அவர்களது ஆய்வு, நோய் புகுந்த 254 குடும்பங்களில் அது எவ்வாறு உள்ளே பரவியது எனக் கணக்கிட்டது. தடுப்பூசி பெறாத வீட்டாரிலும் நோய் கண்டவர் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டினர். ஒரே கூரையின்கீழ் இருந்தும் பலர் தப்பினர் என்பது இதன் பொருள். விலகல் பயனற்றது, ஆத்தா யாரைத் தொட நினைத்தாளோ அவரைத் தொட்டே தீருவாள் என்னும் கையறுநிலைக்கு இந்த எண் ஒரு மறுமொழி.

கெம்பே என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும் சென்னையில் நடத்திய சோதனை 1961-இல் வெளியானது. நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தோருள் 326 பேருக்குத் தடுப்பூசியுடன் எதிர்ப்பொருள் செறிந்த காமா குளோபுலினும் செலுத்தப்பட்டது. 379 பேருக்குத் தடுப்பூசி மட்டும். முன்னவருள் 5 பேருக்கும் பின்னவருள் 21 பேருக்கும் நோய் கண்டது. பிறர் குருதியிலிருந்து எடுத்த ஆயத்த எதிர்ப்பொருளை உடலில் ஏற்றுவது, தாய் கருவிலேயே பிள்ளைக்குத் தருவதை ஊசியால் தருவதற்கு ஒப்பானது. 1963-இல் மெதிசசோன் என்னும் மருந்தும் சென்னையில் வீட்டுத் தொடர்புடையோரிடம் சோதிக்கப்பட்டது. மருந்து பெற்ற 1,101 பேருள் 3 பேருக்கும் பெறாத 1,126 பேருள் 78 பேருக்கும் நோய் கண்டதாக முதல் அறிக்கை கூறியது. பிற்காலச் சோதனைகள் அந்த அளவு பயனை உறுதிசெய்யவில்லை.

இதே காலத்தில் நாடு தழுவிய திட்டம் வேறு வழியில் சென்றது. 1962-இல் தொடங்கிய தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் மூன்றாண்டுகளில் மக்களில் 80 விழுக்காட்டினருக்கு அம்மை குத்துவதை இலக்காகக் கொண்டது. எண்கள் நிறைந்தன, நோய் நிற்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் போன்று எளிதில் கைக்கு எட்டுவோருக்கே மீண்டும் மீண்டும் குத்தப்பட்டதும், கைக்குழந்தைகள் விடுபட்டதும் மதிப்பீட்டில் தெரியவந்தன. சட்டம் விட்ட இடத்தை எண்ணிக்கையும் விட்டது. சுழல் கத்தியால் குத்தும் பழைய முறையின் வலிக்கு அஞ்சிச் சிசுவை மறைத்த தாய்மாரும் இருந்தனர். இருமுனை ஊசி வந்தபின் அவ்வச்சம் தணிந்தது. பிறந்த குழந்தைக்கே அம்மை குத்தலாம் என்பது நடைமுறையாக ஊன்றியதும் இக்காலத்தில்தான்.

வேப்பிலையின் பின்வாழ்வு

1974, 1975-ஆம் ஆண்டுகளில் வடமாநிலங்களில் ஒழிப்புப் பணி உச்சம் அடைந்தபோது, நோய் கண்ட வீட்டு வாசலில் காவலாள் நிறுத்தப்பட்டார். இரவும் பகலும் முறை வைத்துக் காத்தனர். வருவோர் எல்லோருக்கும் ஊசி குத்தப்பட்டது. நோயாளி வெளியே செல்லாதிருக்க வீட்டுக்கு உணவும் வழங்கப்பட்டது. யார் உள்ளே வரலாம், யார் வெளியே போகலாம் என்னும் கேள்வியை அரசு இறுதியில் வாசலில் வந்து நின்றே கேட்டது. வேப்பிலைக்கு இல்லாத இரண்டு காவலாளிடம் இருந்தன: ஊசியும் அரிசியும். உழைக்கப் போகாவிடில் உண்ண இயலாத வீட்டில் விலகல் எத்தனை நாள் நிற்கும் என்பதை வீட்டு ஒழுங்கு எக்காலத்திலும் விடைகாணாமல் விட்டிருந்தது. தமிழ்நாட்டில் நோய் அதற்கு முன்பே அடங்கிவிட்டதால் இக்காட்சி இங்கு அந்த அளவில் நிகழவில்லை.

பெரியம்மை போனபின்னும் வேப்பிலை போகவில்லை. அது சின்னம்மைக்கு மாறியது. அதே கொத்து, அதே தாளிப்பு விலக்கு, அதே தலைக்குத் தண்ணீர். ஆனால் நோயின் இயல்பு வேறு. சின்னம்மை கொப்புளம் தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்குகிறது. பள்ளியிலிருந்து வந்த மூத்த பிள்ளை தொட்டிலைக் குனிந்து முத்தமிட்ட நாளுக்கு மறுநாள்தான் முதல் முத்துத் தெரியும். வேப்பிலை அதற்குப் பின்னரே வாசலுக்கு வரும். பேறுக்கு ஐந்து நாள் முன்பிருந்து பேற்றுக்குப் பின் இரண்டு நாள் வரையான காலத்தில் தாய்க்கே கொப்புளம் கண்டால், எதிர்ப்பொருள் பிள்ளையைச் சேர நேரம் இராது. அச்சிசுவுக்கே ஆபத்து மிகுதி என்றும், உடனே எதிர்ப்பொருள் ஊசி வேண்டும் என்றும் மருத்துவம் கூறுகின்றது. அத்தகைய வீடுகளில் இன்று வாசலில் வேப்பிலையும் உள்ளே மருத்துவமனைச் சீட்டும் ஒருங்கே காணப்படுகின்றன.